வீங்கிய தாடையும் அணைக்காத மைக்கும்

அந்தப் பேருந்து நிலையத்தில் அவருடைய உண்மையான பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'கனிவு'. விடிந்ததிலிருந்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஓயாமல் முழங்குகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்னக் கண்ணாடி அறைதான் அவருடைய ராஜ்ஜியம். ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு மைக். மின்விசிறி சுற்றினால் குரலில் கரகரப்பு விழும் என்று அதையும் நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். குரல் மட்டும் தேனாக வழியும்.

வீட்டிலும் அதே பாட்டுதான். "குடும்பத்தாரின் கனிவான கவனத்திற்கு. சாப்பாடு இன்னும் வந்து சேரவில்லை" என்பார். அதே நிலையத்தில் பயணிகளின் பெட்டி படுக்கைகளை வாங்கி வைக்கும் அறையில் வேலை பார்த்த அவர் மனைவி, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "வண்டி லேட்டு. வரும்போது வரும்" என்பாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கனிவு நன்றாகவே பிழைத்தார். ஆனால் ஊசி என்றால் மட்டும் அவருக்குக் குலை நடுங்கும். பள்ளிக்கூடத்தில் ஊசி போட ஆள் வந்த அன்று தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்த வீரர் அவர். பயம் என்று ஒப்புக்கொள்ள முடியுமா? அதற்கு ஒரு கொள்கையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "எங்க பரம்பரையில யாரும் ஊசி போட்டதில்ல. எங்க ரத்தம் அப்படி. கிருமி உள்ள வந்தா, வழி கேட்டுட்டு வெளிய போயிடும்."

வருடத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு தாளோடு வருவார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி முகாம். ஒன்பதாம் நம்பர் பஸ் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம். அதை மைக்கில் சொல்ல வேண்டும். கனிவு அச்சுப் பிசகாமல் வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்ப்பார். "ஊசி போட்டபின் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், கால் வீங்கும், இரவு முழுக்க அழும் என்பதையும் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஒரு தடவை நர்ஸ் கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். குள்ளமான, ஓங்கிப் பேசாத பெண்மணி.

"அண்ணா, நான் எழுதிக் குடுத்ததுல அது இல்லையே?"

"பொய்யா சொன்னேன்? காய்ச்சல் வருமா, வராதா?"

"சில பிள்ளைங்களுக்கு லேசா வரும். ஒரு நாள், ரெண்டு நாள்ல போயிடும். போடாம விட்டா என்ன வரும்னும் சொல்லியிருந்தீங்கன்னா நியாயம்."

"அதுக்கெல்லாம் நேரமில்லம்மா. அஞ்சாம் நம்பர் கெளம்புது" என்று கனிவு மைக் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண் இரண்டாம் வகுப்பு; பையன் இப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தான். "என் பிள்ளைங்க உடம்புல ஊசி படக் கூடாது" என்று வீட்டில் உத்தரவு. மனைவி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று அவ்வப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். அக்கா வீட்டுக்கும் ஒன்பதாம் நம்பர்தான். "ஒன்பதாம் எண் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று கனிவே தன் வாயால் வழியனுப்பி வைப்பார். பையன் ஜன்னல் வழியாகக் கை ஆட்டுவான்.

அந்த வருடம் மழைக்குப் பிறகு ஊரில் பொன்னுக்கு வீங்கி பரவியது. முதலில் பள்ளிக்கூடங்களில் ஒன்றிரண்டு பிள்ளைகள் கன்னம் உப்பிப் படுத்தார்கள். ஒரு கண்டக்டரின் வீட்டில் வந்தது. பிறகு கண்டக்டருக்கே வந்தது. அவர் தினமும் டீ குடிக்க உட்காருகிற இடம் கனிவின் கண்ணாடி அறை.

ஒரு காலை கனிவுக்குக் காதுக்குக் கீழே வலித்தது. பல்வலி என்று நினைத்தார். மத்தியானம் ஒரு கன்னம் வீங்கியது. மறுநாள் எழுந்தபோது இரண்டு பக்கமும் வீங்கி, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிருந்தது. வாயைத் திறந்தால் உயிர் போனது. கஞ்சியைக்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் விழுங்க முடிந்தது. வழி கேட்டுப் போகவேண்டிய கிருமி, திண்டு போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், "இதுக்குன்னு தனி மருந்து இல்லண்ணா. படுத்து ஓய்வெடுங்க, நிறையத் தண்ணி குடிங்க, வலிக்கு மாத்திரை தர்றேன். யாரோடயும் கலக்காதீங்க" என்றார்.

கனிவு பெண்ணின் சிலேட்டை வாங்கி எழுதினார்: 'பிள்ளைகளைப் பார்! ஒன்றும் வரவில்லை. என் ரத்தம்!' எழுதிவிட்டு, வீங்கிய முகத்தோடு நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

பெண் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இல்லப்பா. எங்களுக்குத்தான் ஊசி போட்டாச்சே! பெரியம்மா வீட்டுக்குப் போறப்ப மொதல்ல இவங்ககிட்டதான் போவோம். தம்பி அழுவான். நான் அழ மாட்டேன்."

நர்ஸ் பையை மூடுவதில் மும்முரமானார். கனிவு மனைவியைப் பார்த்தார். கண் சிவந்தது, மூக்கு விடைத்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. "ம்ம்ம்" என்று ஒரு முனகல்தான் வந்தது.

"முறைக்காதீங்க" என்றாள் அவள். "இத்தனை வருஷமா நீங்க பேசுனீங்க, நான் கேட்டேன். இன்னிக்கு நான் பேசறேன். நாலாவது பிளாட்பாரத்துல பூ விக்கிற பொண்ணத் தெரியும்ல? ஒரு பக்கமா தலையைச் சாய்ச்சுக் கேக்குமே? உங்க அறிவிப்பு காதுல விழாம ரெண்டு தடவை கடைசி பஸ்ஸ விட்டுட்டு என் ரூம்ல வந்து அழுதுச்சு. சின்ன வயசுல அதுக்கு வந்ததும் இதேதான். ஒரு காது போயிடுச்சு. அதக் கேட்டப்புறமும் உங்க ரத்தத்த நம்பி உக்கார என்னால முடியல. தப்புன்னா தப்புதான்."

கனிவு சிலேட்டை எடுத்தார். ஏதோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சில நாட்களில் கன்னம் வற்றத் தொடங்கியது. அப்பாடா என்று இருந்தபோது வீக்கம் வேறு இடத்துக்குக் குடிபோனது. எந்த இடம் என்று கனிவு யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சாடை காட்டினார்; அவள் நர்ஸை வரவழைத்தாள்.

"வெக்கப்படாதீங்கண்ணா. வயசு வந்த ஆம்பளைங்களுக்குச் சில பேருக்கு இப்படி எறங்கும். டாக்டர்கிட்ட காட்டிடலாம். சரியாயிடும்" என்றார் நர்ஸ். டாக்டரும் பார்த்து அதையேதான் சொன்னார். கனிவு தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். ஏணியிலிருந்து வழுக்கி இடுப்பில் அடி என்று வெளியே சொல்லிக்கொள்ள ஏற்பாடானது.

இந்த நாட்களில் மைக் முன்னால் உட்கார்ந்தவன் மனைவியின் தம்பி. டிக்கெட் கவுண்டரில் இருந்தவன். நல்லவன், ஆனால் பொத்தானுக்கும் அவனுக்கும் ஆகாது. எந்தப் பக்கம் அமுக்கினால் மைக் அணையும் என்பது கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் நம்பரை வழியனுப்பிவிட்டு, அமுக்கவேண்டியதை அமுக்கிவிட்டதாக நினைத்துத் திரும்பினான். உடம்பு தேறி வேலைக்கு வந்திருந்த அந்தக் கண்டக்டர், "உங்க மாமாவுக்கு இடுப்பு எப்படிப்பா இருக்கு?" என்றார்.

"இடுப்பாவது ஒண்ணாவது!" என்றான் அவன், ரகசியக் குரலில். "பொன்னுக்கு வீங்கி கீழ எறங்கிடுச்சு. எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது மாம்பழம் ஆயிடுச்சாம். சின்ன வயசுல ஒரு ஊசி போட்டிருந்தா இவ்ளோ பாடு இல்லன்னு நர்ஸ் அக்கா சொல்லுது. வெளிய சொல்லிடாதீங்க."

எட்டு பிளாட்பாரத்திலும் ஒலிபெருக்கி தெளிவாக வேலை செய்தது. ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்தார்கள். நிலையமே கனிவான கவனத்தோடு கேட்டது.

அந்த வார முகாமுக்கு ஒன்பதாம் நம்பரில் நிற்க இடமில்லை. வழக்கமாகத் தாய்மார்கள்தான் வருவார்கள். இப்போது மீசை வைத்த அப்பன்கள் ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். "எங்களுக்கும் போடலாமா?" என்று சிலர் தணிந்த குரலில் விசாரித்தார்கள்.

கனிவு தேறி வேலைக்குத் திரும்பிய அன்று, பார்த்தவர்களெல்லாம் "இடுப்பு சுகமா?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்கள். காரணம் விளங்கியதும் மைத்துனனோடு அவர் பேச்சை நிறுத்தினார். வீட்டில் சாப்பிடும்போது ஒரு கைதான் சோற்றைப் பிசைந்தது; மறு கை யோசனையில் மேசைமேல் தாளம் போட்டது. மூன்றாம் நாள் மனைவியிடம், "அந்த ஊசி மத்த நோய்க்கும் சேர்த்துதானாமே? தட்டம்மை எனக்கு வந்ததில்ல" என்றார்.

"போலாம்" என்றாள் அவள். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சுகாதார நிலையத்தில் கனிவு சட்டைக் கையைச் சுருட்டி, கண்ணை இறுக மூடி, "சொல்லிட்டுப் போடும்மா, சொல்லிட்டுப் போடு" என்று அரற்றினார்.

"போட்டாச்சுண்ணா" என்றார் நர்ஸ்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பக்கத்துப் பெஞ்சில் ஒரு லாரி டிரைவர், கைக்குழந்தையை அணைத்தபடி குழந்தையைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

"வலிக்குமாங்க?"

கனிவு யோசித்தார். "எறும்பு கடிச்ச மாதிரி. ஆனா நீங்க பாக்காதீங்க. புள்ளைய என்கிட்ட குடுத்துட்டு வெளிய நில்லுங்க."

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் நர்ஸ் முன்னால் உட்கார்ந்தார். ஊசி இறங்கியதும் அது வீறிட்ட வீறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கனிவு அதை மெச்சுதலோடு பார்த்தார்.

"என்ன குரல்மா இது!" என்றார். "மைக்கே வேண்டாம்."