வாசித்துக் காட்டும் விண்ணப்பம்

“இதுவும் வேணாம்” என்று ஒரு வரியை அடித்துவிட்டு மர்ஜியா அடுத்ததை வாசித்தார். நிதி உதவி கேட்டு எழுதினால், யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களை எதிரில் உட்காரவைத்து உரக்க வாசிப்பது அவர் வழக்கம். கேட்கிற தாயின் முகம் சுருங்கினால் அந்த வரி போயிற்று. “அவங்க காதுல விழக்கூடாதத அவங்கள பத்தி எழுதலாமா?” என்பார்.

லப்பைக்குடிக்காட்டில், கை கால் சரியாக இயங்காத ஒன்பது குழந்தைகளுக்குத் தன் வீட்டுக் கூடத்திலேயே பயிற்சி மையம் நடத்துகிறார். கணவர் ஷார்ஜாவில். சோபாவை மாடிக்கு ஏற்றிவிட்டுப் பாய் விரித்தாயிற்று. தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்தார்கள். வாரம் மூன்று நாள் பெரம்பலூரிலிருந்து இயன்முறை மருத்துவர் லாவண்யா வருகிறார். சித்திரைக்குப் பிறகு அவரை வரவழைக்கப் பணமில்லை.

இந்த மாவட்டத்துக்காரர்களும் பக்கத்து மாவட்டத்துக்காரர்களும் சேர்ந்து உண்டாக்கிய சமூக நிதியம் ஒன்று, உள்ளூர்த் தொண்டு அமைப்புகளிடம் ஆண்டுக்கொரு முறை விண்ணப்பம் வாங்குகிறது. போன வருடம் மர்ஜியா அடித்தது போக மிஞ்சியதில், பிள்ளைகளுக்கு என்ன குறை என்றே தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை நிதியத்துப் பஞ்சநாதன் போனிலேயே சொல்லிவிட்டார்: “உள்ளது உள்ளபடி எழுதுங்கம்மா. இல்லாட்டி கமிட்டியில நான் என்னத்தச் சொல்லிக் கேக்குறது?” இன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

உள்ளபடி எழுதிய வரி கடைசியில் இருந்தது. எதிரில், எறையூரிலிருந்து மகளை இடுப்பில் சுமந்து பஸ் ஏறி வரும் தாய் சின்னப்பிள்ளை. மகள் பூவிழிக்குப் பதினோரு வயது.

மர்ஜியா தாளை மடிக்கப் பார்த்தார்.

“படிங்கக்கா.”

“‘பூவிழி இனி நடக்க வாய்ப்பில்லை. பயிற்சி நின்றால், இப்போது விரிகிற விரல்களும் மடங்கி இறுகிவிடும்.’”

சின்னப்பிள்ளையின் முகம் செத்துப்போயிற்று. செட்டிகுளம் முருகன் மலைக்கு மகளை நடத்திக் கூட்டிவருவதாக நேர்ந்துகொண்டவர். “வர்ற தையில நடந்துரும்” என்று நாலு வருடமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறார். மர்ஜியாவிடமும்தான். அந்த முகத்தைப் பார்க்க மர்ஜியாவால் முடியவில்லை.

“யா அல்லா, இது வேணாங்க. அடிச்சுடுறேன்.” பேனாவைத் தாளில் வைத்தார். அடித்தால் லாவண்யா வரமாட்டார் என்று தெரிந்தேதான் வைத்தார்.

சின்னப்பிள்ளை கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார். மூடியைப் போட்டார். மகளின் மடங்கிய விரல்களை, லாவண்யா காட்டிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாக விரித்து, பேனாவை உள்ளங்கையில் வைத்து, மறுபடி மெல்ல மூடினார்.