ஓரம் பிரியவில்லை, மூலையைத்தான் காணோம்!

1984 ஆகஸ்ட் 12, ஞாயிறு. காலை ஏழு மணி பத்து நிமிடம். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. மழை இல்லை. ஆனால் காற்று... கொடியில் கிளிப்புகள் தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் ரிடையர் ஆன மனுஷன் என்ன செய்வான்? பேப்பர் படிப்பான். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

பேரன் பிறந்திருக்கிறான் அல்லவா? அவனுக்குத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து ஒரு பேட்ச் ஒர்க் விரிப்பு தைப்பதாக என் மனைவி சரசு வாக்குக் கொடுத்துவிட்டாள். கீழ்பென்னாத்தூர் சம்பந்தியம்மா உடனே ஒரு சட்டைத் துணியைக் கொடுத்தனுப்பினார். போன தீபாவளிக்குத் தம் கணவருக்கு எடுத்தது. தைக்கக் கொடுப்பதற்குள் அவர் போய்விட்டார். "தாத்தா துணி பேரன் மேல கிடக்கட்டும்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

நீலக் கட்டம் போட்ட கைத்தறி. நனைக்காமல் தைத்தால் பிறகு சுருங்கி, விரிப்பு கோணிக்கொள்ளும். நனைத்தாலோ வெட்டிய ஓரம் பிரியும். நான் அளந்து பார்த்தேன். விரிப்புக்கு முப்பது கட்டம் வெட்ட வரும். மிச்சம் இரண்டு விரற்கடை. அதற்கு மேல் பிரிந்தால் ஒரு வரிசையே போச்சு. போனவருடைய துணியை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

பயப்படக் காரணம் இருந்தது. முந்தின வாரம் ஓரத்துக்கென்று வாங்கிய ஜாக்கெட் துணிகளைச் சரசு கல்லில் கும்மி, முறுக்கிப் பிழிந்தாள். பக்கெட்டிலிருந்து வந்தது துணியா? இடியாப்பம்!

"நூல் ஜாஸ்தி, துணி கம்மி" என்றேன்.

"வாய் பேசறது சுலபம். அடுத்ததை நீங்களே தொவைங்க!"

அந்த இடியாப்பத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கரை இருக்கும் பக்கம் பிரியவே இல்லை. வெட்டிய பக்கம்தான் பிரிந்திருந்தது. அதுவும் எங்கிருந்து தொடங்கியது? மூலையிலிருந்து! கூரான மூலையில் நூலுக்குப் பிடிமானம் கிடையாது. முதல் நூல் நழுவினால் மற்றவை பின்னாலேயே வரிசையாக வருகின்றன.

எனக்குக் கை பரபரத்தது. ஒரு பழைய கைத்தறித் துணியை எடுத்தேன். நான்கு மூலைகளையும் கொஞ்சம் சாய்வாகக் கத்தரித்தேன். வெட்டிய ஓரத்தை ஊசியால் சுற்றிச் சுற்றித் தைத்தேன். கும்மாமல், முறுக்காமல், சும்மா அலசினேன். ஒரு நூல்... ஒரே ஒரு நூல்தான் வந்தது! சரசுவிடம் பத்து முறையாவது காட்டியிருப்பேன்.

ஆக, ஞாயிறன்று நிஜத் துணி. மூலைகளைக் கத்தரித்து, ஓரம் தைத்து, பக்கெட்டில் ஊறப் போட்டேன். சரசு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க... மஞ்சள் வச்ச மூலை எங்க?"

"எந்த மஞ்சள்?"

"துணி எடுத்த அன்னிக்கே சம்பந்தியம்மா வச்சாங்களே! அவரு இருந்தப்ப, அவருக்குன்னு வச்சது... ஐயோ, வெட்டிட்டீங்களா?"

புதுத்துணி மூலையில் மஞ்சள் தடவுவது எனக்குத் தெரியாதா? மூலையைப் பார்த்தேன்; மஞ்சளைப் பார்க்கவில்லை.

வெட்டிய முக்கோணங்கள் நான்கு. தேடிக் கிடைத்தவை மூன்று. மூன்றும் வெறும் நீலம். பாழாய்ப்போன காற்று! சரசு அண்ணாமலையாருக்குத் தேங்காய், கற்பூரம் வேண்டிக்கொண்டாள். நான் துளசிச் செடிக்கடியில் குனிந்திருந்தேன்.

"இன்னா அண்ணி, ரெண்டு பேரும் இன்னா தேடிக்கினு இருக்கீங்க?"

வாசலில் சம்பந்தியம்மா! சாயங்காலம் வருவதாகச் சொன்னவர், காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

சரசு என் பக்கம் கையைக் காட்டினாள். நான்தான் சொன்னேன். அந்த அம்மாள் பக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணா, கொஞ்சம் திரும்புங்க."

திரும்பினேன். தோளில் கிடந்த ஈரத் துண்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, மஞ்சளோடு நான்காவது முக்கோணம்! ஊர் முழுக்கத் தேடியதை முதுகில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

அதைப் பிரித்தெடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். போச்சு, அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லவேளை வெட்டினீங்க அண்ணா. தண்ணியில முக்கியிருந்தா இதுவும் போயிருக்கும்" என்றார். முந்தானை முனையில் அதை முடிந்துகொண்டார். "துணி பேரனுக்கு. இது எனக்கு."

துணியை அலசி நிழலில் விரித்தோம். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார் சம்பந்தியம்மா.

"பிசிறே இல்லியே! யாரு தைச்சது?"

"வேற யாரு, உங்க அண்ணன்தான்" என்றாள் சரசு. "ரிடையர் ஆகி இத்தினி வருஷத்துல இப்பத்தான் உருப்படியா ஒரு வேலை பார்த்திருக்காரு."

முப்பது கட்டமும் குறையாமல் வந்தன. நீங்களும் தைப்பதாக இருந்தால் மூலையைத் தாராளமாக வெட்டுங்கள். வெட்டும் முன் ஒருமுறை பாருங்கள்.

ஓரத்தைக் காப்பாற்றிய நூல்கண்டு நாற்பது பைசா. மூலையைக் காப்பாற்றிய தேங்காய், கற்பூரம் மூன்று ரூபாய். ஆக மொத்தம், மூன்று ரூபாய் நாற்பது பைசா.