கிழங்கு வேகும் தண்ணீர்

மலாக்கா டவுனில் எனக்கு வேலை கிடைத்தபோது, வீடு பார்க்க என் மனைவி ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஜப்பான்காரன் காலம் அது. ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் நான் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பரை வாங்க ஆளில்லாமல் ஆலை நின்றுபோனது. வேலையில்லாத ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்தே நான்கு பேர் போய்விட்டார்கள். அடுத்து நான்தான் என்று என் மனைவி அழுதுகொண்டிருந்த வேளையில், டவுனிலிருந்து ஒரு சேதி வந்தது. ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி, துணி வரத்து நின்றதும் ஆற்றோரம் கொட்டகை போட்டுத் துணி துவைக்கும் சவுக்காரம் காய்ச்ச ஆரம்பித்திருந்தார். தேங்காயெண்ணெயையும் சாம்பல் நீரையும் பெரிய அண்டாவில் ஊற்றிக் காய்ச்ச வேண்டும். நெருப்பின் பக்குவம் தெரிந்த ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். சேர்ந்த அன்றே முத்திரை குத்திய வேலைச் சீட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதைக் காட்டினால் ரயில் பாதைக்குப் பிடிக்க மாட்டார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தபோது எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்திருந்தது.

தங்குவதற்கும் அவரே வழி சொன்னார். "கடைக்கு மேல ரூம்பு சும்மாதானே கிடக்கு. நீயும் உன் சம்சாரமும் வந்து இருந்துக்கங்க. வாடகையெல்லாம் பேசாதே."

இதைவிட வேறென்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். என் மனைவி அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி எட்டு மாதம். "தண்ணி எப்படின்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"கிணறு இருக்கு. பாத்தேன்."

"கிணறு இருந்தா போதுமா? கிழங்கு வேகுமா? அரிசி கண்ணால காணோம். மூணு வேளையும் கிழங்குதான். உப்புத் தண்ணியில அது வேகாது. வேகாத கிழங்க நீங்கதான் திங்கப் போறீங்க."

அந்த மூட்டை வந்த கதை இதுதான். போகும் வீட்டிலெல்லாம் அந்த வீட்டுத் தண்ணீரில் நான்கு துண்டு வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாளாம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சைக்கிளின் பின்னால் அவளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டேன். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தைச் சுற்றிக் கெட்டி ரப்பர் பட்டையைக் கம்பியால் இறுக்கியிருந்தேன். கல்லில் ஏறினால் பல் ஆடும்.

முதலில் முதலாளியின் கடைக்குப் போனோம். பின்கட்டில் அவருடைய சமையல்காரர் இருந்தார். என் மனைவி பணிவாக ஒரு சட்டி கேட்டாள். அவர் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீரில் கிழங்கைப் போட்டு அடுப்பருகில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கினாள். அமுங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனது. அப்போதும் அமுங்கவில்லை.

"கடல் பக்கத்துல இருக்கிற கிணறும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார் சமையல்காரர், தன்னைக் குறை சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டு. "நாங்கள்லாம் திங்கல?"

அவள் என்னைப் பார்த்தாள். இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டிருந்தது. கடையிலிருந்து கொட்டகைக்குப் போக ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தில் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணங்க வேண்டும். வணக்கம் சரியாக வரவில்லை என்று கன்னத்தில் வாங்கியவர்கள் உண்டு. "தினமும் ரெண்டு தடவை குனியணும். உங்களுக்கு வேற முதுகு வளையாது" என்றாள்.

இரண்டாவது இடம் பத்து பெரெண்டாம். எங்கள் தோட்டத்திலிருந்து முன்பே கிளம்பிப்போன ஒருவர் அங்கே காய்கறி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் குடிசை காலி என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் தண்ணீரை என்னவென்று சொல்ல! கிழங்கு பூப்போல மலர்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. வாசலிலேயே நடுவதற்கு நிலமும் இருந்தது. என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் இந்த முறை மறுக்க வேண்டியவன் நான்.

"இங்கேருந்து கொட்டகைக்கு எவ்வளவு தூரம் தெரியுமா? இந்தச் சக்கரத்த வச்சுக்கிட்டு எப்படிப் போறது?"

"விடியக்காலம் கிளம்புங்க."

"விடியறதுக்குள்ள அங்க நிக்கணும்டி. தோக்கியோ மணி!"

கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, ஜப்பானில் தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி என்று ஆக்கியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு வேலை என்றால் கோழி அப்போதுதான் கூவும். அதுமட்டுமல்ல, பக்கத்தில் விமானத் திடல் இருந்தது. சாலையில் போகிறவர்களை நிறுத்தி மண் சுமக்க வைக்கிறார்கள் என்று அந்தக் காய்கறிக்காரரே சொன்னார். அதைக் கேட்டதும் அவள் மிச்சக் கிழங்கை மூட்டை கட்டினாள்.

டவுனுக்குத் திரும்பினோம். குறுக்கு வழி என்று நினைத்து நான் திருப்பிய பாதை டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் கொண்டுபோய் விட்டது. அங்கே சக்கரத்துப் பட்டை அறுந்து, பாம்புபோலச் சுருண்டு சாலையில் விழுந்தது. இறங்கி நின்றோம். எதிரே ஒரு வீடு. நிலைப்படியில் மாவிலைத் தோரணம். திறந்திருந்த கதவு வழியே சாமி படமும் எரியும் விளக்கும் தெரிந்தன.

"நம்ம ஆளுங்க வீடு!" என்று என் மனைவி துள்ளினாள். "அம்மா! கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

உள்ளேயிருந்து வந்த அம்மா சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, கொண்டையில் ஊசிகள் செருகியிருந்தார். நெற்றியில் திருநீறு. எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாரி, மாசோக்! பானாஸ் சங்காட்!" என்றார். உள்ளே வாங்க, வெயில் கொளுத்துது என்கிறார் என்று நான் சொன்னதும் என் மனைவி வாயைப் பிளந்தாள். திருநீறு பூசிய ஒருவர் மலாயில் பேசி அவள் கேட்டதே இல்லை. அந்த அம்மா மலாக்காச் செட்டி. அவர்கள் பல தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். டவுனுக்கு அடிக்கடி வந்துபோன எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

மூட்டையை அவள் அந்த அம்மாவிடம் நீட்டினாள். ஒரு சட்டி கேட்கத்தான் நீட்டினாள். அந்த அம்மாவோ முகமெல்லாம் சிரிப்பாகி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அடே, தங்கச்சி!" என்றார். அந்த ஒரு சொல் தமிழ். கிழங்கோடு உள்ளே போய்விட்டார்.

"என்னங்க, சோதனைக் கிழங்கு போச்சே!"

"குடுத்தத எப்படித் திரும்பக் கேக்கறது? சும்மா இரு."

நான் வாசலில் பட்டையைக் கம்பி போட்டுக் கட்டினேன். உள்ளே துருவும் சத்தம் கேட்டது. பிறகு தேங்காய்ப்பால் மணம். கருப்பட்டி மணம். என் மனைவியும் எப்போதோ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். பட்டை சரியாகி நான் கை கழுவியபோது, வாழையிலையில் சுடச்சுடக் கிழங்குப் பணியாரம் வந்தது. மேலே செம்பழுப்பாக மொறுமொறுவென்றும் உள்ளே நெகிழ்ந்தும் இருந்தது. பல மாதங்களாகக் கிழங்கை உப்போடு மட்டுமே தின்றிருந்தோம். இரண்டு பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டோம்.

சாப்பிட்ட பிறகுதான் பேச்சு வந்தது. மகன்கள் இருவரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், பின்பக்க அறை காலி, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றார். வாடகைக்குப் பதில் மாதம் கொஞ்சம் சவுக்காரம் கொடுத்தால் போதுமாம். கொட்டகை அங்கிருந்து நடக்கிற தூரம். பாலம் குறுக்கே இல்லை. கடைசியாக நான் மலாயில் கேட்டேன், இங்கே தண்ணீர் நன்றாக இருக்குமா என்று. "பாயிக்!" என்று சொல்லி முகவாயால் கொல்லைப்பக்கம் காட்டினார். அங்கே ஒரு கிணறு இருந்தது. நன்றாக இருக்குமாம் என்று நான் சொன்னேன். என் மனைவி விரலில் ஒட்டியிருந்த கருப்பட்டியை நக்கிக்கொண்டே, "இங்கேயே இருந்துடலாம்" என்றாள்.

முதலாளியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வேலை கொடுத்து, சீட்டு வாங்கிக் கொடுத்து, அறையும் கொடுத்தவர். மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். சமையல்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்போல.

"உன் சம்சாரத்துக்கு என் கிணத்துத் தண்ணி பிடிக்கலையா?" என்றார் கடுமையாக. நான் தலை குனிந்தேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கும்தான் பதினெட்டு வருஷமா பிடிக்கல. சரி, காஜா பெராங் தண்ணி நல்லா இருந்தா ஒரு குடம் கொண்டாந்து குடு. ஒரு நாளாச்சும் நல்ல தேத்தண்ணி குடிச்சுப் பாக்குறேன்."

சந்தோஷமாகத் தலையாட்டினேன். மறுநாளே குடிபோனோம். முதல் சமையல். கிழங்கு கொதித்தது, கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது. வாயில் போட்டால் மரக்கட்டை. தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், கடைக் கிணற்றைவிட மோசம்.

"கிழங்கு முத்தல்" என்றாள் என் மனைவி, என் பக்கம் திரும்பாமல்.

அடுத்த நாள் வேறு கிழங்கு. அதுவும் முத்தல். கொட்டகையில் முதலாளி, "குடம் எங்கே?" என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். மூன்றாம் நாளும் மறந்தேன். என் மறதியைப் பற்றி அவர் கவலைப்பட ஆரம்பித்தார். வீட்டில் வாயே திறக்காத இரண்டு பேராக நாங்கள் கட்டையை மென்றுகொண்டிருந்தோம்.

நான்காம் நாள் வீட்டுக்கார அம்மா எங்கள் சட்டியை எட்டிப் பார்த்தார். என் மனைவி கொல்லைக் கிணற்றில் வாளியை இறக்குவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இது குளிக்க, இது துணி துவைக்க என்று கையாலேயே குளித்தும் துவைத்தும் காட்டினார். அவள் கையைப் பிடித்துக் கொல்லைப் படல் வழியே வெளியே இழுத்துக்கொண்டு போனார். முதல் நாள் அவர் முகவாய் காட்டியது கிணற்றை அல்ல, அதைத் தாண்டி நான்கு வீடு தள்ளி இருந்த சின்னக் கோயிலை. கோயிலுக்குப் பின்னால் இன்னொரு கிணறு. அந்தப் பக்கத்துக்கே சமையல் தண்ணீர் அங்கிருந்துதான்.

போனவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். குடம் நிறையத் தண்ணீர், வாய் நிறையக் கதை. அங்கே தண்ணீர் இறைத்த பெண்கள் அவளுக்குப் பத்து மலாய்ச் சொல் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவள் நூறு சொல் தமிழில் பேசிவிட்டு வந்திருந்தாள். அன்றைக்குக் கிழங்கு வெந்தது. முதலாளிக்குக் குடம் போனது. தேத்தண்ணீர் குடித்தவர் கண்ணை மூடிக்கொண்டு, "இனி நீ மறக்கவே கூடாது" என்றார்.

தை பிறக்கும் முன் அந்த வீட்டில் முன்னோர்களுக்குப் படையல் போடும் நாள் வந்தது. குடும்பத்தார் மட்டும் கூடிச் செய்வது அது. மகன்கள் வர வழியில்லை. அந்த அம்மா எங்கேயோ ஒளித்துவைத்திருந்த இரண்டு பிடி அரிசியைப் பொங்கி, முன்னறையில் வாழையிலைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருப்பது முறையல்ல என்று, குளித்து உடுத்திக்கொண்டு சந்தடியில்லாமல் பின்வழியாகக் கிளம்பினோம்.

"மானா பெர்கி?" என்று அதட்டல் கேட்டது. எங்கே போறீங்க? நான் தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. என்னை உட்காரவைத்து, உங்கள் வீட்டில் இறந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். என் அப்பா, அவளுடைய அம்மா என்றேன். அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அடுத்த கேள்வி. அப்பாவுக்குக் கருவாடு, அவள் அம்மாவுக்கு வெற்றிலை.

அந்த அம்மா உள்ளே போய் இன்னும் இரண்டு இலை எடுத்து வந்து, தன் வரிசையின் ஓரத்தில் அவற்றையும் விரித்தார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலை வாங்க ஓடினாள். வீட்டிலிருந்த கருவாட்டைச் சுடுவதற்கு நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.