நான் அடித்த வெள்ளவத்தை

பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும் என்று அன்று மூன்று தரம் சொன்னேன். மெல்லத்தான் சொன்னேன், அது உண்மை. எனக்குக் குரல் எழும்பாது. ஆனால் அது ஒன்றும் பெரிய கடையில்லை. இரண்டு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று கதிரை. கேட்க விரும்பியிருந்தால் கேட்டிருக்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் கடை. கலியாணக் காட், மரண அறிவித்தல், கல்வெட்டு. செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு வீட்டார் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், எல்லாவற்றையும் தமிழில் அடிப்பது நான். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து இருபது வருடமாக அடிக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் வாசிக்க வராது. பழைய கொம்பியூட்டரில் இருக்கிற தமிழ் எழுத்துக்கு அது தேவையுமில்லை. எஃப் கீயைத் தட்டினால் க விழும். கே கீயைத் தட்டினால் ம விழும். கீயில் என்ன இருக்கிறது என்று நான் குனிந்து பார்ப்பதே இல்லை, விரல் தானாகப் போகும். புதியதில் அப்படியில்லை. அம்மா என்று வர அம்மாவை இங்கிலீஷில் எழுத்துக்கூட்ட வேண்டும். எனக்கு அது ஏலாது. ஆகவே நான் பழையதில் அடித்து வைப்பேன். தகப்பனுக்குப் பிறகு கடையை நடத்துகிற முதலாளித் தம்பி புதியதில் இருந்துகொண்டே அதைத் திறந்து, தன்னுடைய எழுத்துக்கு மாற்றி, பக்கம் கட்டிப் பிரிண்டருக்கு அனுப்புவார். இரண்டுக்கும் நடுவே ஒரு நீல வயர். பழையது போனால் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை, புதியது தன்பாட்டுக்கு ஏதோ அப்டேட் செய்துகொண்டு எழும்பியது. எழும்பியதும் பழையதைத் தெரியாது என்றது. சனிக்கிழமை வரை பக்கத்தில் இருந்ததைத் தெரியாதாம்! பழையதின் உள்ளே நாற்பத்தெட்டுப் பக்கக் கல்வெட்டு ஒன்று கிடக்கிறது. புதன்கிழமை அந்த வீட்டில் முப்பத்தொன்று. பென் டிரைவில் எடுக்கலாமென்றால், பழையதில் அதைக் குத்துகிற இடம் இரண்டும் எப்போதோ செத்துவிட்டன.

கொம்பியூட்டர் திருத்துகிறவரைக் கூப்பிட்டார்கள். சிங்கள ஆள், நாற்பது வயதிருக்கும். அரை மணித்தியாலம் எதையெதையோ தட்டிவிட்டு முதலாளித் தம்பிக்கு விளக்கினார். தம்பி எனக்குச் சொன்னார்.

“புதுசு இனிப் பழசோட சும்மா கதைக்காதாம், அன்ரி. இவர் ஒரு மாதிரிக் கதைக்க வைச்சிட்டார். இப்ப பழசின்ர பாஸ்வேர்ட் கேக்குது. பழசு தானா எழும்பேக்க அதைக் கேக்கிறேல்லை. முந்தி புதுசு அதை ஞாபகம் வைச்சிருந்தது, அப்டேட்டில மறந்திட்டுது. அப்பா இருக்கேக்க ஆரோ போட்டது.”

“நான்தான் போட்டனான்,” என்றேன்.

“நீங்களோ? என்ன சொல் போட்டனீங்கள்?”

“வெள்ளவத்தை.”

திருத்துகிறவர் இங்கிலீஷில் அடித்தார். பிழை என்றது. கடைசியில் ஈ போட்டார். பிழை. ஏ போட்டார். பிழை. எச் ஒன்றைச் சேர்த்தார், டி ஒன்றைக் குறைத்தார். “பஸ் போர்ட்டிலயே ஒவ்வொரு மாதிரித்தானே எழுதியிருக்கு,” என்று தம்பி சிரித்தார். தமிழர் எழுதுவது போல வி-யில் தொடங்கியும் பார்த்தார்கள். பிழை, பிழை.

“அன்ரி, வடிவா யோசியுங்கோ. வயசு போனா மறக்கும்தானே.”

“இல்லைத் தம்பி, வெள்ளவத்தைதான்.”

“பேரப்பிள்ளையின்ர பேர் ஏதும் போட்டனீங்களோ?”

“வெள்ளவத்தை.”

திருத்துகிறவர் தம்பியைப் பார்த்து, “அம்மாட்ட மேவா தேரென்னே நே,” என்றார். அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது என்று. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, இன்றைக்கும் சிங்களத்தில் மீன் வாங்குகிறவளுக்கு முன்னால். தம்பியும் சிங்களத்திலேயே மறுமொழி சொன்னார். இந்தப் பழசை எறியத்தான் கனநாளாக நினைத்திருந்தாராம், அன்ரியின் முகத்துக்காகத்தான் வைத்திருந்தாராம், இன்றைக்கே கழற்றி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தூக்கிப் போடுவோமாம், அடிக்க வேறு ஆள் பார்க்கலாமாம்.

நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். என் மடியில் கல்வெட்டின் கையெழுத்துத் தாள்கள். காது இரண்டும் எரிந்தன. இருபது வருடம் ஒருவரையும் ஒரு சொல் சொல்லாமல் இருந்ததற்கு இதுதானா மரியாதை? வாய் திறக்காதவளுக்குக் காதும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

திருத்துகிறவர் நீல வயரை இழுத்தார். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தார்.

எழும்பினேன். “வயர் எக்க ஆயெத் கஹன்ன,” என்றேன். வயரைத் திரும்பக் குத்துங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன், உரக்கத்தான். மனுசனின் முகம் போன போக்கு! தம்பி தரையைப் பார்த்தார். வயர் திரும்பப் போனது.

“தள்ளுங்கோ தம்பி.”

புதியதின் முன்னால் இருந்தேன். கீயைப் பார்க்கவில்லை. பழையதில் எப்படி அடிப்பேனோ அப்படியே அடித்தேன். வெ, ள், ள, வ, த், தை. கொம்புக்கும் மேற்புள்ளிக்கும் தனித்தனிக் கீ, ஆகவே பத்துக் கறுப்புப் புள்ளி விழுந்தது. கதவு திறந்தது. கல்வெட்டு உள்ளே கிடந்தது.

“என்ன அம்மே அடிச்சீங்க?” திருத்துகிறவருக்கு இப்போது தமிழும் வந்தது.

“வெள்ளவத்தை. அப்பவே சொன்னனான்.”

அவர் குனிந்து கீகளைப் பார்த்தார். என்னைத் திரும்ப அடிக்கச் சொல்லி விரலைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். என் விரலுக்கு அது வெள்ளவத்தை. கொம்பியூட்டருக்கு அது அந்தக் கீகளில் இருக்கிற பத்து இங்கிலீஷ் எழுத்தும் குறியும், ஒரு பாஷையிலும் சேராது. அன்று பாஸ்வேர்ட் போடும்போதும் புள்ளிகள்தானே தெரிந்தன, எனக்கும் அது இப்போதுதான் விளங்கியது.

“சரி அன்ரி,” என்றார் தம்பி, “இப்பவே இதை மாத்துவம். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. எல்லாருக்கும் லேசு.”

எல்லாருக்கும் லேசு என்றால் நான் தேவையில்லை என்றுதான் பொருள். அது விளங்காத அளவுக்கு நான் மொக்கு இல்லை.

“ஏலாது.”

“என்ன?”

“ஏலாது தம்பி. முதல்ல என்ர எழுத்தைப் புதுசில போட்டுத் தாங்கோ. நான் இஞ்சயும் அடிக்கோணும். பிறகு மாத்துங்கோ, பழசை எறியுங்கோ, என்னவும் செய்யுங்கோ.”

இதை நான் முன்பும் ஒருதரம் கேட்டிருக்கிறேன், மெல்ல. அதெல்லாம் பழசு அன்ரி, புதுசில ஓடாது என்று தம்பி சொல்லிவிட்டார்.

திருத்துகிறவர் தம்பியைப் பார்த்தார். “அது ஓடும். அஞ்சு நிமிச வேலை,” என்றார்.

அஞ்சு நிமிசம்! இத்தனை வருடமாக, பழையது ஒவ்வொரு தரம் இருமும்போதும் நான் சாமியைக் கும்பிட்டேனே, அந்த அஞ்சு நிமிசத்தை எனக்குத் தர இங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஓடாது என்று தம்பி தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

என் எழுத்து பழையதிலிருந்து வயர் வழியாகப் புதியதுக்கு வந்தது. அஞ்சு நிமிசம் கூடப் பிடிக்கவில்லை. எஃப் கீயைத் தட்டினேன். க விழுந்தது.

“கோவமோ அன்ரி?” தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஓம்,” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பிரிண்டருக்குத் தாள் வைக்கப் போனார். முப்பத்தொன்பதாம் பக்கத்தில் செத்த மனுசியின் ஊர்ப் பெயர் பிழையாகக் கிடந்தது. தம்பியின் கதிரையில் இருந்தே அதைத் திருத்தினேன்.