தக்காளிக்குக் காவல் நின்ற லாட்டரி

என் வீட்டுக்காரர் ரிங்லெட் டவுனுக்குப் போனால் சுரண்டல் லாட்டரி வாங்காமல் திரும்பமாட்டார். பொறுமை மட்டும் கிடையாது. ஆறு கட்டத்தில் நான்கைச் சுரண்டுவதற்குள் அலுத்துப்போய் அட்டையை வீசிவிடுவார்.

அட்டைகள் பளபளவென்று இருந்ததால், எஸ்டேட் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நான் போட்டிருந்த தக்காளிப் பாத்தியில் அவற்றை நூல்கட்டித் தொங்கவிட்டேன். பழம் கொத்த வரும் குருவிகள் அவற்றைப் பார்த்து ஓடிவிட்டன. எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் செல்வி வேலியோரம் நின்று கத்தினாள்.

“அக்கா! இதுல ரெண்டு கட்டம் அண்ணன் சொரண்டவே இல்ல லா!”

கொண்டை ஊசியால் சுரண்டினாள். ஐம்பது ரிங்கிட்! சந்தோஷத்தில் பாதியை அவளுக்கே கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. மறுநாள் விடிந்ததும் சுரண்டாத கட்டம் தேடி லயமே என் பாத்திக்குள் நின்றது. குருவிகள் தின்றதைவிட அதிகமான தக்காளி அன்று காலடியில் நசுங்கியது.

இப்போது முழுதாகச் சுரண்டிய அட்டைகளை மட்டுமே தொங்கவிடுகிறேன். ஆனால் பாத்தியைச் சுற்றி லாலாங் புல் வளர்ந்துவிட்டால், பாதி சுரண்டிய ஒன்றைப் புல்லுக்குள் போட்டுவிட்டு, “செல்வி, ஒரு சீட்டு காத்துல பறந்துபோச்சு லா” என்று சொல்லிவைக்கிறேன். மதியத்துக்குள் தரை தெரிந்துவிடும்.

போன வாரம் எல்லாருக்கும் முன்னால் மண்டியிட்டுப் புல் பிடுங்கியவர், குனிந்தால் இடுப்பு பிடிக்கும் என்று பத்து வருடமாகச் சொல்லிவரும் என் வீட்டுக்காரர்தான்.