கடைசி ஸ்பீக்கரில் சிரிக்கிற ஆள்

மைக்செட்காரம்மாவை ஊரில் தெரியாதவர் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எப்போது புறப்படும் என்று அறிவிக்கிற வேலை பார்த்தவள். அந்தக் குரலில் மயங்கித்தான் பெண் கேட்டு வந்தேன் என்பார் புருஷன். அன்றைக்கு இவர் பஸ்ஸை விட்டதுதான் மிச்சம் என்பாள் அவள். இப்போது இருவரும் சேர்ந்து மைக்செட் கடை நடத்துகிறார்கள். கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர் வேலை. மேடையோரம் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொண்டு உட்காருவது இவள் வேலை.

ஊரில் கட்சி இரண்டு, மைதானம் ஒன்று. முன்பு இன்னொரு மைக்செட்காரர் இருந்தார், பாவம். ஒரு கூட்டத்தில் பேச்சு சூடு பிடித்த நேரம் பார்த்து அவருடைய மைக் நின்றுபோனது. வேண்டுமென்றே செய்தான், அந்தப் பக்கத்து ஆள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதன் பிறகு இரண்டு பக்கமும் அவரைச் சீந்தவில்லை. இப்போது சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். அந்தப் பயத்தில்தான் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டு வாசலைத் தாண்டினால் அரசியல் பேசுவதில்லை. யாராவது வாயைக் கிளறினால், ஆம்ப்ளிஃபயருக்கு ஏது கட்சி என்று சிரித்து நழுவிவிடுவார்கள்.

ஆனால் சவுண்டு பார்ப்பதற்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். மைதானம் காலியாகக் கிடக்கும்போதே அவர் தெருமுனைக் கடைசி ஸ்பீக்கரின் கீழ் போய் நின்றுகொள்வார். ஒன் டூ த்ரீ என்று எண்ணிக்கொண்டிருக்க இவளுக்கு அலுப்பு. மைக்கில் ஒரு ஜோக் சொல்வாள், பெரும்பாலும் அவரைப் பற்றியே. தெளிவாகக் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே தோளில் கிடக்கும் துணியை ஒரு தரம் தூக்குவார். இரண்டு கையாலும் வீசினால், கேட்கவில்லை, இன்னும் சத்தமாகப் பேசு என்று அர்த்தம். நிறுத்து என்பதற்கு ஒரு சைகை வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே இல்லை.

சாயங்காலம் ஒரு கட்சியின் கூட்டம் இருந்த அன்றைக்குக் காலையில் வீட்டில் அடித்த அரசியல் அரட்டை அவள் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மைதானத்தில் காக்காய் குருவி இல்லை. தைரியமாக மைக்கைப் பிடித்தாள்.

"கட்சியை எதுக்குங்க இங்கிலீஷ்ல பார்ட்டின்னு சொல்றாங்க? பார்ட்டின்னா என்ன? செலவு ஒருத்தன் தலையில, சாப்பாடு இன்னொருத்தன் வாயில. கூப்பிட்டவன் ஓரமா நிப்பான், கூப்பிடாதவன் நடுவுல உக்காருவான். முடிஞ்சா எச்சில் தட்டை எடுக்க ஒரு ஆள் இருக்காது."

தெருமுனையில் துணி மேலே எழவில்லை. அவர் இரண்டு கையாலும் வீசினார், குதித்துக் குதித்து வீசினார். கேட்கவில்லை போலிருக்கிறது என்று இவள் சத்தத்தைக் கூட்டினாள். முதலிலிருந்து ஒரு வரி விடாமல் சொன்னாள். போதாததற்குப் புதிதாகவும் ஒன்று சேர்த்தாள்.

"ஒரு பார்ட்டியில பந்தி சரியில்லன்னா எந்திரிச்சு அடுத்த பார்ட்டிக்குப் போயிடுறாங்க பாருங்க, அதனாலயும்தான்."

அப்போதுதான் கடைசி ஸ்பீக்கரின் கீழே ஒரு கார் நிற்பது அவள் கண்ணில் பட்டது; அது அசைந்து மேடைப் பக்கம் கிளம்பியது. சாயங்காலம் வர வேண்டிய தலைவர், மேடையைப் பார்க்க மதியமே வந்திருக்கிறார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறார்.

கார் மேடையோரம் வந்து நின்றது. இறங்கிய கட்சிக்காரர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தலைவர் முகத்தையே பார்த்தார்கள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கண்ணுக்குள் பஞ்சர் கடைதான் வந்து போனது.

"ஏம்மா, இப்ப மைக்ல பேசினது நீங்களா?"

"சும்மா... சவுண்டு பாக்கத்தான் ஐயா."

"எந்தக் கட்சியைப் பத்தி?"

அவள் குனிந்து மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். தலைவரே சிரித்துவிட்டார்.

"நான் என்ன கேக்குறது, அந்தப் பக்கத்து ஆளுங்கதானே? அங்க இருந்துட்டு, போன வருஷம்தான் இங்க வந்தவன்மா நான், எனக்குத் தெரியாதா? தட்டு எடுக்க ஒருத்தன் கிடையாது அங்க. சாயங்காலம் இதை வச்சே பேச்சை ஆரம்பிக்கிறேன்."

கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கார் கிளம்பிப் போனது. தெருமுனையிலிருந்து ஓடிவந்த புருஷன் மூச்சு வாங்கிக்கொண்டு மேடைப் படியில் சரிந்தார்.

"வேலை போச்சா?"

"இல்லங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். அவங்களைச் சொல்றேன்னு நினைச்சுட்டாரு."

அவர் துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அழுதாரா சிரித்தாரா என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கும் கண் கலங்கியது. இவ்வளவு நிம்மதியாக அவள் மூச்சு விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"இனிமே ஒன் டூ த்ரீதான், என்ன?" என்றார்.

"சரிங்க."

அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்துக் கட்சியுடையது. நாற்காலி போடும்போதே அந்தக் கட்சியின் செயலாளர் வந்து அவள் காதருகே குனிந்தார்.

"அக்கா, அவங்க கூட்டத்துல ஏதோ பார்ட்டி ஜோக் சொன்னீங்களாமே. அதை இங்கயும் சொல்லிடுங்க. அவங்களுக்கு உறைக்கட்டும்."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். அவள் மைக்கைப் பிடித்து அதே ஜோக்கை ஒரு சொல் மாற்றாமல் சொன்னாள். மேடையைச் சுற்றி நின்றவர்கள் அவனுங்கதான், அவனுங்களேதான் என்று எதிர்க்கட்சி ஆபீஸ் பக்கம் கையைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சிரிக்க அந்த மைதானத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். தெருமுனையில் துணி ஒரு தரம் மேலே எழுந்தது.