துறைமுகத்துக்கு ஒரு லயம்

லிந்துலைத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை, ஒட்டி வரிசையாக நிற்கும் ஒற்றையறைக் காம்பராக்களை, மழையில் நின்று படம்பிடிக்கிறேன். கொழும்புத் துறைமுகக் கரையைப் புதுப்பிக்கும் எங்கள் திட்டத்தில், சுற்றுலாப் பயணிகள் கடலைப் பார்த்தபடி தேநீர் குடிக்க இதேபோல ஒன்று கட்டப்போகிறோம். சுவரில் பாசிகூட வரைவோம். இந்த மகா யோசனைக்கு எனக்குச் சம்பளமும் உண்டு.

கொழுந்து பறித்துவிட்டு வந்த செல்வராணி அக்கா என் கைப்பேசியில் அந்தத் துறைமுக லயத்தின் வரைபடத்தைப் பார்க்கிறார். அவர் வீட்டுக் கூரை வாளிக்குள் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

"இதுவும் ஒழுகுமா தம்பி?"

"இல்லக்கா. உள்ளுக்கு ஏசி."

"கக்கூசு?"

"ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒண்ணு."

அவர் உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிடுகிறார். "ஏங்க, சாமானக் கட்டுங்க!"

பிறகு என்னிடம் திரும்புகிறார்.

"இங்க தோட்டத்துல பேரு பதிஞ்சாத்தான் காம்பரா குடுப்பாங்க. அங்க பேரு பதிய யாரப் பாக்கணும் தம்பி?"